அருளப்பண்ணை உடைத்த அலுமினியச் சில்லு

நான் வாகனம் திருத்தும் கராச்சில் போமனாக, வேலைகளுக்குத் தலைவனாக இருந்த காலம் முழுவதும், ஓடத் தகாதென்று கழித்த வண்டிச் சில்லு ஒன்றையும் அன்றைக்கே உடைக்க விட்டதில்லை. சோக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டு, கராச்சின் பின்சுவரில் சாய்த்து, மூன்று நாள் வைத்திருப்பேன். மூன்றாம் நாள் திரும்பவும் தட்டிக் கேட்பேன். அதன் பிறகுதான் சம்மட்டியை எடுக்கச் சொல்வேன். என்னோடு வேலை செய்தவர்களுக்கு இது பெரிய பகிடி. மூன்று நாள் வைத்திருக்கிறார், செத்த வீட்டு எட்டுச்செலவும் செய்வாரோ என்று என் காதுபடவே சொல்வார்கள். நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் அவர்களில் நாலைந்து பேரைச் சந்தித்தேன். இத்தனை இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் மிஞ்சியிருக்கிறவர்கள். அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. ஒருவர் இப்போது சொந்தமாகக் கராச் வைத்திருக்கிறார். வருகிற காரெல்லாம் அலுமினியச் சில்லோடுதான் வருகிறதாம். வெள்ளை பூத்திருந்தால் ஒரு போத்தல் மருந்தை அடித்து ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுகிறார்களாம். அந்தக் காலத்தில் எங்களுக்கு அலுமினியச் சில்லைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பிறகு பகிடியை விட்டுவிட்டு, அந்த மூன்று நாள் கணக்கு எதற்கு என்று கேட்டார். சாப்பாட்டுப் பந்தியில் வைத்துச் சொல்லக்கூடிய விசயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பினேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, எழுதுவதும் சுலபமில்லை. இதில் நான் நல்லவன் இல்லை.

என் தகப்பனார் அரசாங்கக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடு வாய்க்காலோரம் வந்து குடியேறியவர். எனக்கு வயல் ஒத்துவரவில்லை. கிளிநொச்சியில் தெருவோரம் இருந்த ஒரு கராச்சில் சேர்ந்தேன். மூன்று வருடம் கிறீஸ் பூசினேன், ரயர் கழற்றினேன், ஏச்சு வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. நாலாம் வருடம், ஐம்பதுகளின் நடுப்பகுதியில், என்னை அருளப்பண்ணையோடு சில்லு வேலைக்கு விட்டார்கள்.

அருளப்பு அண்ணை என்கிற அருளப்பண்ணைதான் எங்கள் போமன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்த கத்தோலிக்கர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் வவுனியாவில் இருந்த விமானத்தளத்துக்கு வேலைக்குப் போனவர். அலுமினியத்தை அங்கேதான் படித்தார். உயரமான, மெலிந்த மனிதர். எந்த வெயிலிலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். ஏசமாட்டார். நாங்கள் பிழை செய்தால், கையில் இருக்கிற சாமானை வாங்கி, முதலிலிருந்து தானே செய்து முடித்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தருவார். அது ஏச்சைவிட மோசம்.

யுத்தம் முடிந்த பிறகு விமானத்தளத்துச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில் ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ட்ரெயிலர்கள் சில வன்னிக்கு வந்தன. சில்லும் நடுவில் அச்சு ஏறுகிற குடமும் சேர்த்து ஒரே வார்ப்பாக வார்த்த அலுமினியச் சில்லுகள். பாரமில்லாதவை, மணலில் புதையாதவை. முல்லைத்தீவுக் கரையில் மீன் யாபாரம் செய்தவர்களுக்கு அவை தேவலோகத்துச் சாமான். ட்ரெயிலரை நேரே அலை வந்து அடிக்கும் இடம்வரை இறக்கி, வள்ளத்திலிருந்து மீனை அப்படியே ஏற்றுவார்கள். சில்லு அரைவாசி கடல்நீரில் நிற்கும். போகிற வழியெல்லாம் ஐஸ் கரைந்து மீன்தண்ணி அதே சில்லில்தான் வடியும்.

உப்புப் பட்ட அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து துருப்பிடிக்காது. வெள்ளையாகப் பூக்கும், மா உதிர்ந்ததைப் போல இருக்கும். பார்க்கிறவருக்கு அது அழுக்கு மாதிரித்தான் தெரியும். அதைச் சுரண்டினால் கீழே குழி இருக்கும். இரும்பு அச்சும் அலுமினியக் குடமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்புத்தண்ணி நின்றால் இன்னும் மோசம். இரும்பு சும்மா இருக்கும், அலுமினியம் கரைந்துகொண்டே போகும்.

இதில் கரையோரத்துப் பெண்கள் வேறு எங்களுக்கு வேலை வைத்தார்கள். கோயில் பெருநாள் வந்தால் வீட்டுப் பானை சட்டிகளோடு சேர்த்து ட்ரெயிலர்ச் சில்லையும் அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். பானையும் அலுமினியம், சில்லும் அலுமினியம், பிறகென்ன. ஈரச் சாம்பல் அலுமினியத்தை அரிக்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னது. பானை போனால் சோறு போகும், சில்லு போனால் ஆள் போவான் என்று அருளப்பண்ணை தலையில் கை வைப்பார். அடுத்த பெருநாளுக்கும் தேய்ப்பார்கள்.

அவர் சில்லு துப்புரவாக்கும் முறையை நான் இன்றைக்கும் அச்சொட்டாகச் சொல்லுவேன். ரயரைக் கழற்றி, சில்லை வாய்க்கால் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் அமிழ்த்த வேண்டும். தண்ணீரை இரண்டு தரம் மாற்ற வேண்டும். கடைசித் தண்ணீரை அவர் விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால் இன்னொரு நாள் ஊறும். அருளப்பு சில்லுக் கழுவுகிறாரா, கறி வைக்கிறாரா என்று முதலாளி கேட்பார். அதன் பிறகு வெள்ளையைச் சுரண்டுவது. இரும்புத் தகடோ கம்பித் தூரிகையோ அந்தப் பக்கம் வரக்கூடாது. இரும்புத் தூள் ஒன்று உள்ளே சிக்கினாலும் அந்த இடத்தில் திரும்ப அரிக்கத் தொடங்கும். சீவிய பனஞ்சலாகையும் தேங்காய்த் தும்பும்தான். குழிகளுக்குள் வினாகிரியைத் துணியால் ஒற்றி, நுரைத்து அடங்கியதும் கழுவி, கை வைக்க முடியாத சூடு வரும்வரை வெயிலில் காயவிட வேண்டும். பிறகு சாக்குத் தைக்கிற சாக்கூசியைக் குழிக்குள் விட்டு ஆழம் பார்ப்பார். ஊசியில் அளவுக்கு ஒரு நூல் கட்டியிருக்கும். நூல் மறைந்தால் சில்லுக்குச் சீவன் இல்லை.

கடைசிப் பரீட்சை சத்தம். சில்லைக் கயிற்றில் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டு, சின்னப் பாலைமரக் கொட்டனால் மூன்று இடத்தில் தட்டுவார். நல்ல சில்லு இழுத்துப் பாடும். உள்ளே வெடிப்பு இருந்தால் ஒரு கரகரப்போடு சத்தம் சட்டென்று செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பையும் அந்தச் சத்தம் காட்டிக்கொடுக்கும். அருளப்பண்ணையின் காது பொய் சொல்லாது என்பது மாங்குளம் தொடக்கம் முல்லைத்தீவு வரைக்கும் லொறிக்காரர்களிடம் இருந்த பேச்சு.

கெட்டது என்று அவர் சொன்னால் அந்தச் சில்லு முழுதாகக் கராச் வாசலைத் தாண்டாது. முன்பொருமுறை கழித்த சில்லு ஒன்றை யாரோ வாங்கி, வெள்ளி நிறப் பெயின்ற் அடித்து விற்று, அது ஓட்டத்தில் வெடித்து ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வைத்த சட்டம் அது. சொந்தக்காரர் பார்த்திருக்க, சம்மட்டியால் அடித்து உடைப்பார். உடைந்த வாயைத் துடைத்து அவருக்குக் காட்டுவார். நல்ல உலோகம் உடைந்த இடம் சாம்பல் வெள்ளையாக, பொடிப்பொடியாக மினுங்கும். பழைய வெடிப்பு இருந்த இடத்தில் உப்புத்தண்ணி போன கறை ஒரு கோடாகத் தெரியும். கறையைக் கண்ட பிறகு சொந்தக்காரர் வாய் திறக்கமாட்டார். சத்தத்தை வைத்துக் கழித்து, நான் பார்த்திருக்க அவர் உடைத்த எல்லாச் சில்லிலும் அந்தக் கறை இருந்தது.

இனி, அவருடைய காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு பகல் அவர் முற்றத்தில் குனிந்து நிற்க, லொறி ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு பின்னுக்கு வந்தது. அவர் அசையவில்லை. நான் ஓடிப்போய் இழுத்து விழுத்தினேன். எழும்பி உடம்பைத் தட்டிக்கொண்டவர், என்னைக் கராச்சுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கவிழ்த்து வைத்த பீப்பாயில் உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கு ரெண்டு வருசமா ஒண்டும் கேக்கிறேல்லை. ஆக்கள் கதைக்கேக்கை வாயைப் பாத்து விளங்கிக்கொள்ளுவன். சில்லுக்கு வாய் இல்லையே," என்றார்.

விமானத்தளத்தில் ஆணி இறுக்குகிற இயந்திரத்தோடு நின்ற வருடங்கள் மெல்ல மெல்லக் காதைத் தின்றுவிட்டன. அந்த இரண்டு வருடமும் கொஞ்சம் சந்தேகம் இருந்தால்கூடச் சில்லைத் தட்டாமலே, குழியின் ஆழத்தைக் காட்டிக் கழித்து வந்திருக்கிறார். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். வேலை போனால் வேறு வேலை இல்லை. இதையெல்லாம் அவர் கெஞ்சிச் சொல்லவில்லை, கணக்குப் போல வரிசையாகச் சொன்னார். நான் கேட்கிறேன் அண்ணை, நீங்கள் தட்டுங்கள் என்று நானே சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அது உண்மை.

அடையாளம் ஒன்று வைத்துக்கொண்டோம். என் தோளில் எப்போதும் ஒரு துணி கிடக்கும். சத்தம் நல்லதென்றால் அந்தத் துணியை எடுத்துக் கை துடைப்பேன். கெட்டதென்றால் துணியை மற்றத் தோளுக்கு மாற்றிப் போடுவேன். அவர் ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுவார். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படி நடந்தது. ஒருவருக்கும் தெரியாது. என் காது நல்ல காது. அந்தக் காலத்தில் ஒரு சில்லின் தீர்ப்பும் பிழையாகவில்லை.

போகப்போக எனக்கு அது கசக்கத் தொடங்கியது. லொறிக்காரர்கள் அவருடைய காதைப் புகழ்கிறபோது நான் பக்கத்தில் துணியோடு நிற்பேன். ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரம் ஒரு லொறிச் சில்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது வெடித்திருக்கிறது என்று சாரதியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். போமன் வரட்டும் என்றான். அருளப்பண்ணை வந்தார், தட்டினார், நான் துணியை மாற்றிப் போட்டேன். கெட்டது என்றார். சாரதி கையெடுத்துக் கும்பிடாத குறை. நான் ஏற்கெனவே அப்படிச் சொன்னதையும் அவரிடம் சொல்லிச் சிரித்தான். பிறகு அவன் முன்னால், வேறு பத்துப் பேர் முன்னால், என் முதுகில் தட்டி அவர் சொன்னார்:

"பாத்தியோ தம்பி, அவசரப்படக் கூடாது. காதுக்குப் பழக்கம் வேணும்."

அதை ஏன் சொன்னார் என்று எனக்கு அப்போதே விளங்கியது. நான் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னால் ஆட்கள் யோசிக்கத் தொடங்குவார்கள், அதை மூடத்தான் சொன்னார். விளங்கியும் எனக்குப் பற்றி எரிந்தது. ஒரு கிழமை, ஏழு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. என்னுடைய காதை வைத்து எனக்கே பாடம் எடுக்கிறார் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமையின் கடைசியில்தான் திரேசக்காவின் ட்ரெயிலர் வந்தது. முல்லைத்தீவுக் கரையில் மீன் யாபாரம் செய்தவா. புருசன் காய்ச்சலில் போன பிறகு, அவர் ஏலத்தில் எடுத்துவைத்த ஜீப்பையும் ட்ரெயிலரையும் வைத்து நாலு பிள்ளைகளை வளர்த்தவா. தம்பிக்காரன் ஜீப் ஓட்டுவான், அவா பக்கத்தில் இருந்து வருவா. புதுக்குடியிருப்பில் கொஞ்சம், கிளிநொச்சிச் சந்தையில் கொஞ்சம், மிச்சம் கொழும்பு ரயிலுக்கு. ரயிலுக்கு நேரத்தோடு மீன் கொண்டுவருகிற அந்தக் கரையின் ஒரே பெண்பிள்ளை அவாதான். ட்ரெயிலருக்கு இரண்டு சில்லு. இரண்டும் பெருநாளுக்குத் தேய்த்த தேயலில் பளபளத்தன.

இரண்டையும் ஊறவைத்து, சுரண்டி, காயவைத்தோம். ஊசி நூல் மறையவில்லை. ஒரு சில்லில் மட்டும் ஆரத்தின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. சுரண்டின கீறலா, வெடிப்பா என்று கண்ணால் சொல்ல முடியாது. காதுதான் சொல்ல வேண்டும். முதலாளி நின்றார், இரண்டு லொறிக்காரர்கள் நின்றார்கள், திரேசக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றா.

நான் துணியை உள்ளே மேசைமேல் விட்டுவிட்டு வந்தேன். மறந்து விடவில்லை. எடுத்து, மடித்து, வைத்துவிட்டு வந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வழக்கமான இடத்தில் நின்றேன். இன்றைக்கு நீயே கேள் பார்ப்போம் என்பதுதான் என் மனதில் இருந்தது. என்ன நடக்கும் என்று நினைத்தேன் என்று கேட்டால், அவர் திணறுவார், என்னிடம் வாய்விட்டுக் கேட்பார், எல்லோருக்கும் முன்னால் நான் சொல்லுவேன் என்று நினைத்தேன். அதற்கு அப்பால் நினைக்கவில்லை.

அவர் தட்டினார். சில்லு பாடியது. நீளமாக, சுத்தமாகப் பாடியது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சத்தம் கேட்டதில்லை.

என்னைப் பார்த்தார். நான் வெளியே வாய்க்கால் பக்கம் பார்த்தேன். இரண்டாவது தரம் தட்டினார். தட்டிவிட்டுக் கயிற்றில் இரண்டு விரலை வைத்து அதிர்வைத் தேடினார். அப்படி அவர் முன்பு செய்ததில்லை. மூன்றாவது தரம் தட்டிவிட்டு என்னைப் பார்த்தபோது அவருடைய முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்ட ஆளின் முகம் மாதிரி இருந்தது. நான் பேசவில்லை. பொய் சொல்லவில்லையே என்று பிறகு பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சந்தேகம் வந்தால் உயிர்ப் பக்கம் நில் என்பது அவர் எங்களுக்குப் போட்ட சட்டம். அதன்படியே செய்தார்.

"பிள்ளை, இது சரிவராது. இதை நான் ஓட விடமாட்டன்," என்றார்.

திரேசக்கா கிட்ட வந்து சில்லைத் தொட்டுப் பார்த்தா. இதற்கு மாற்றுச் சில்லு இந்த நாட்டிலேயே கிடையாது என்று அவாவுக்குத் தெரியும். குடமும் சில்லும் ஒரே வார்ப்பு, வேறு எதுவும் அந்த அச்சில் ஏறாது. சில்லை விட்டுக் கையை எடுத்தா. பிறகு, "உங்கட காது சொன்னாச் சரி அண்ணை," என்றா.

அந்த நேரத்தில்கூட நான் வாயைத் திறந்திருக்கலாம். சம்மட்டியை எடுத்துவர அவர் உள்ளே போய் வந்த நேரத்தில் திறந்திருக்கலாம். அவர் சிலுவை போட்டுக்கொண்டு சம்மட்டியைத் தூக்கின நேரத்திலும் திறந்திருக்கலாம். வெட்கம் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் பேசாமல் நின்றவன் இப்போது எப்படிப் பேசுவது என்ற வெட்கம். ஒரு மனிசனை அது எவ்வளவு கேவலமாக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அந்த வெட்கம் இறங்க ஒரு மூன்று நாள் கிடைத்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன்.

இரண்டு அடி. சில்லு ஆரத்தோடு பிளந்தது. அவர் துண்டை எடுத்து, சட்டைக் கையால் அதன் உடைந்த வாயைத் துடைத்து, திரேசக்காவுக்குக் காட்டுவதற்காகத் திருப்பினார். திருப்பினவர் காட்டவில்லை. தானே பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மற்றத் துண்டையும் எடுத்துப் பார்த்தார். இரண்டும் சாம்பல் வெள்ளையாக, பொடிப்பொடியாக மினுங்கின. ஒரு கறையும் இல்லை.

சம்மட்டியை நிலத்தில் வைத்தார்.

"கறை இல்லை, பிள்ளை. இது நல்ல சில்லு. நான் நல்ல சில்லை உடைச்சுப்போட்டன்," என்றார். பிறகு எல்லோரும் கேட்க, "எனக்குக் காது கேளாது. நாலு வருசமாக் கேளாது. தெரிஞ்சுகொண்டுதான் தட்டினனான்," என்றார்.

முதலாளி முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு, அப்படியென்றால் இவ்வளவு காலமும் எப்படிச் சரியாகச் சொன்னீர் என்று கேட்டார். அருளப்பண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை.

"கண்ணாலை பாத்து ஊகிச்சனான்," என்றார்.

முதலாளி கொட்டனை என்னிடம் நீட்டி, மற்றச் சில்லை நீ தட்டு என்றார். தட்டினேன். அதுவும் நன்றாகப் பாடியது. நல்லது என்றேன். நான் ஆசைப்பட்ட மாதிரியே எல்லோரும் என் சொல்லை நம்பினார்கள். திரேசக்கா அந்த ஒற்றைச் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றா. நல்ல சில்லுத்தான், தனியாக வைத்து என்ன செய்வது.

அன்று பின்னேரமே அருளப்பண்ணை போய்விட்டார். முதலாளி நிறுத்தவில்லை, இவரும் நிற்கக் கேட்கவில்லை. அடுத்த மாதம் என்னைப் போமன் ஆக்கினார்கள். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டில் பொங்கல் பொங்கினார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது, சொல்லிவிடுகிறேன். வவுனியாவில் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். உடைந்த துண்டுகளைப் பொருத்தி ஒட்டப் பார்த்தேன். அலுமினியம் சிவக்காமலே திடீரென்று உருகி ஓடிவிடும். எங்களிடம் இருந்த அடுப்புக்கும் ஒட்டுகிற மருந்துக்கும் அது பிடிபடவில்லை. அரைச் சில்லை நிலத்தில் ஊற்றிவிட்டு நிறுத்தினேன். திரேசக்காவின் ட்ரெயிலர் எங்கள் கராச் வேலியோரம் ஒரு மாரிமழைக் காலம் முழுக்கக் கிடந்தது. பிறகு தம்பிக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான். ரயிலுக்கு மீன் வருவது நின்றுபோனது.

இரண்டு வருடம் கழித்து முல்லைத்தீவில் பழுதாகி நின்ற லொறி ஒன்றைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். வேலை மத்தியானத்தோடு முடிந்தது. விசாரித்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அருளப்பண்ணை ஒரு மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் மீன்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அதே சட்டை, கழுத்துவரை பூட்டியிருந்தது. வண்டியைத் தானே செய்தாராம். திரேசக்காவுக்கு மீன் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புவரை போய் வருகிறாராம். வண்டி மாட்டோடு அதற்கப்பால் போனால் மீன் பழுதாகிவிடும். கூலி வாங்குவதில்லை என்று எனக்கு வழி காட்டினவர் முன்பே சொல்லியிருந்தார். உடைத்த சில்லுக்கு உழைக்கிறார், பைத்தியம் என்றார்.

என்னைக் கண்டு அவருக்கு நல்ல சந்தோசம். வள்ளத்தின் நிழலில் உட்காரவைத்தார். திரேசக்கா பால் போடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பிள்ளைகுட்டி எப்படி என்று விசாரித்துவிட்டு, திரும்பவும் மீன் பக்கம் போய்விட்டா. மெலிந்திருந்தா. மூத்தவன் படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறானாம்.

கராச்சைப் பற்றிக் கேட்டார். நான் வாயைத் திறந்து தெளிவாகச் சொல்லச் சொல்ல, என் வாயையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து அவரே அதை எடுத்தார்.

"அண்டைக்கு நீ துணியை எங்கையோ மறந்து விட்டிட்டாய். எனக்கு விளங்கினது. நீ அதை மனசிலை வைச்சுக்கொண்டு திரியாதை. துணி இல்லையெண்டு கண்ட உடனை நான் கொட்டனைக் கீழை வைச்சிருக்க வேணும். பிழை என்னிலைதான்."

பிளேன்ரீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தபடியே சொன்னேன்:

"மறக்கேல்லை அண்ணை. வேணுமெண்டுதான் வைச்சிட்டு வந்தனான்."

சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். குனிந்துகொண்டு சொன்னதில் என் வாய் அவருக்குத் தெரியவில்லை. ஏதோ சொன்னேன் என்று மட்டும் கண்டுகொண்டு, முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, "என்ன தம்பி?" என்றார்.

தலையை நிமிர்த்தி அதே சொல்லை இன்னொருமுறை சொன்னால் போதும். சத்தம்கூடத் தேவையில்லை. உதட்டை அசைத்தாலே அவருக்கு விளங்கும், வேறு ஒருவருக்கும் கேட்காது. நிமிர்ந்தேன். அவருடைய கண் என் வாயில் காத்துக்கொண்டிருந்தது.

"மழை வருமோ எண்டு கேட்டனான்," என்றேன்.

அவர் எழும்பி வள்ளத்துக்கு அப்பால் போய், கையைக் கண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு, கிழக்குப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் என்று கவனித்தார். எதையும் அவர் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இண்டைக்கு வராது. நீ நனையாமப் போய்ச் சேருவாய்," என்றார்.

நான் நனையாமல்தான் வந்து சேர்ந்தேன்.